வீட்டு மின்வாகன மின்னேற்றிகளின் மின்பாதுகாப்பு வரலாறு

வீட்டு மின்வாகன மின்னேற்றிகளின் மின்பாதுகாப்பு என்பது, மின்வாகனங்களை வீட்டிலேயே மின்னேற்றம் செய்யும்போது மின்னதிர்ச்சியும் தீவிபத்தும் நேராமல் தடுக்கும் கருவிகளையும் விதிகளையும் குறிக்கும். உருகி, மின்கசிவுத் துண்டிப்பான், புவி இணைப்பு, நேர்திசை மின்கசிவை உணரும் கருவி, மின்னேற்றியும் வாகனமும் பேசிக்கொள்ளும் சைகைக் கம்பி ஆகியவை இதில் அடங்கும். இவை ஒரே நேரத்தில் உருவானவை அல்ல. முன்பிருந்த கருவியின் கண்ணுக்குப் படாத ஓர் ஆபத்து தெரியவந்தபோது அடுத்த கருவி பிறந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நீளும் இந்த வரிசையில், 21-ஆம் நூற்றாண்டின் மின்வாகனம் ஒரு புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. வீட்டைக் காக்கும் கருவியையே செயலிழக்கச் செய்யக்கூடிய மின்கசிவு, காக்கப்பட வேண்டிய வாகனத்திலிருந்தே வரக்கூடும் என்பதே அது.

முதல் மின்வாகனங்களும் உருகியும்

வீட்டில் வாகனத்தை மின்னேற்றும் வழக்கம் புதியதன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் பேக்கர், டெட்ராய்ட் எலக்ட்ரிக் போன்ற மின்கார்கள் ஓடின. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவும் ஒரு டெட்ராய்ட் எலக்ட்ரிக் காரைப் பயன்படுத்தினார். மின்கலத்திற்கு நேர்திசை மின்னோட்டம் தேவை. பல வீடுகளுக்கு வந்ததோ மாறுதிசை மின்னோட்டம். பீட்டர் கூப்பர் ஹெவிட் 1902-இல் உருவாக்கிய பாதரச வில் மின்திருத்தி இந்த இடைவெளியை நிரப்பியது. கண்ணாடிக் குமிழுக்குள் பாதரச ஆவி ஒளிர, மாறுதிசை மின்னோட்டம் நேர்திசை மின்னோட்டமாக மாறியது. இத்தகைய மின்திருத்திப் பலகைகள் வீட்டு வாகனக் கொட்டகைகளிலும் நிறுவப்பட்டன.

அக்காலத்தில் மின்சுற்றுக்கு இருந்த முதன்மையான காவல் உருகி. அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் உருகிக்கம்பி உருகிச் சுற்றைத் துண்டிக்கும். கம்பி சூடேறித் தீப்பற்றுவதைத் தடுக்க இது போதும். மனிதரைக் காக்க இது போதாது. மனித உடலின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டைத் தொடும் ஒருவரின் உடல் வழியே ஏறத்தாழ 230 மில்லிஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க அது போதுமான அளவு. ஆனால் 15 ஆம்பியர் உருகிக்கு அது ஒரு சிறு விளக்கின் சுமைக்குச் சமம். உருகி உருகாது. பின்னாளில் உருகியின் இடத்தைப் பிடித்த எம்சிபி எனப்படும் சிறு சுற்றுமுறிப்பானுக்கும் இதே குறை உண்டு.

புவி இணைப்பு இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. கருவியின் உலோக உடலைப் புவியோடு இணைத்துவிட்டால், உள்ளே காப்புறை பழுதடைந்து மின்கம்பி உடலைத் தொடும்போது பெரும் மின்னோட்டம் புவிக்கம்பி வழியே பாய்ந்து உருகியை உருக்கும். ஆனால் புவிக்கம்பி அறுந்திருந்தாலோ, வறண்ட மண்ணில் புவித்தடை மிகுந்திருந்தாலோ இந்த வழி அடைபட்டுவிடும்.

டால்சீலின் ஆய்வுகள்

எவ்வளவு மின்னோட்டம் மனிதருக்கு ஆபத்து என்ற கேள்விக்கு அளவீட்டின் மூலம் விடை தேடியவர்களில் முதன்மையானவர், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லசு டால்சீல். மின்கம்பியைப் பிடித்த ஒருவர் தன் விருப்பப்படி கையை விடுவித்துக்கொள்ளக்கூடிய உச்ச மின்னோட்டத்தை அவர் ஆராய்ந்தார். அந்த அளவைத் தாண்டினால் தசைகள் இறுகிக் கை கம்பியை விடாது. 134 ஆண்களையும் 28 பெண்களையும் கொண்டு நடந்த சோதனைகளில், 60 ஹெர்ட்சு மாறுதிசை மின்னோட்டத்திற்கு இவ்வளவின் சராசரி ஆண்களுக்குச் சுமார் 16 மில்லிஆம்பியராகவும் பெண்களுக்குச் சுமார் 10.5 மில்லிஆம்பியராகவும் இருந்தது. ஏறத்தாழ அனைவரும் கையை விடுவித்துக்கொள்ளக்கூடிய அளவு ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6 மில்லிஆம்பியர்.

இந்த எண்கள் உருகியின் போதாமையைத் தெளிவாக்கின. வீட்டு உருகி ஆம்பியர்களில் செயல்படுகிறது. மனித உயிரின் எல்லையோ ஆம்பியரின் ஆயிரத்தில் சில பங்குகளில் உள்ளது.

மின்கசிவுத் துண்டிப்பானின் தோற்றம்

இந்த இடைவெளியை நிரப்பிய கருவி ஓர் எளிய கணக்கை அடிப்படையாகக் கொண்டது. மின்கம்பி வழியே செல்லும் மின்னோட்டம் முழுவதும் நடுநிலைக் கம்பி வழியே திரும்ப வேண்டும். இரு கம்பிகளையும் ஒரு காந்த வளையத்திற்குள் செலுத்தினால், சென்றதும் திரும்பியதும் சமமாக உள்ளவரை அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒருவர் உடல் வழியே சிறிதளவு மின்னோட்டம் மண்ணுக்குக் கசிந்தாலும் சமன் குலையும். வளையத்தில் சுற்றப்பட்ட மூன்றாவது கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, சுற்று முறியும்.

1950-களின் நடுவில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக என்றி ரூபின் இத்தகைய கருவியை உருவாக்கினார். முதலில் 525 வோல்ட் அமைப்புகளில் 250 மில்லிஆம்பியர் கசிவில் செயல்பட்ட அது, பின்னர் வீடுகளுக்கு ஏற்றபடி மிகச் சிறிய கசிவையும் உணரும் வகையில் திருத்தப்பட்டது. அதே காலத்தில் ஆத்திரியாவில் கோட்ஃபிரீட் பீகல்மையர் இத்துறையில் பணியாற்றினார். மின்னோட்டத்தின் விளைவுகளைத் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் அவர். 1961-இல் டால்சீல் அமெரிக்காவில் 5 மில்லிஆம்பியர் அளவில் துண்டிக்கும் கருவியை வடிவமைத்தார்.

அமெரிக்காவின் 5 மில்லிஆம்பியருக்கும், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கும் 30 மில்லிஆம்பியருக்கும் உள்ள வேறுபாடு அடிப்படை அணுகுமுறையில் உள்ளது. அமெரிக்க எல்லை, கை கம்பியை விடுவிக்கும் திறனைக் காக்கிறது. ஐரோப்பிய எல்லை, இதயத்துடிப்பு சீர்குலைவதற்குள் சுற்றை முறித்துவிடுவதை நோக்கமாகக் கொண்டது.

அமெரிக்கத் தேசிய மின்விதித் தொகுப்பு இக்கருவியை ஈரமும் மண்ணும் உள்ள இடங்களிலிருந்து தொடங்கி, படிப்படியாகக் கட்டாயமாக்கியது. வீட்டின் வெளிப்புற மின்செருகிகளுக்கு 1973-இலும், குளியலறைகளுக்கு 1975-இலும், வாகனக் கொட்டகைகளுக்கு 1978-இலும் இவ்விதி வந்தது. பிரித்தானியாவில் பொதுப் பயன்பாட்டு மின்செருகிகளுக்கு இப்பாதுகாப்பை 2008-ஆம் ஆண்டின் 17-ஆம் பதிப்பு விதிகள் விரிவுபடுத்தின. இந்தியக் கடைகளில் இக்கருவி ஆர்சிசிபி என்ற பெயரில் கிடைக்கிறது. பழைய பெயரான ஈஎல்சிபி இன்றும் பேச்சில் வழங்குகிறது.

அலைவடிவமும் வகைகளும்

காந்த வளையம் மாறும் மின்னோட்டத்தை மட்டுமே உணரும். முதல் துண்டிப்பான்கள் மாறுதிசை மின்கசிவு ஒன்றையே கணக்கில் கொண்டிருந்தன. இவை ஏசி வகை எனப்படுகின்றன. வீட்டுக் கருவிகளில் மின்னணுக் கூறுகள் பெருகியபோது, கசிவு மின்னோட்டம் பாதி அலையாகவும் துடிப்புகளாகவும் மாறியது. இதை ஏசி வகையால் நம்பகமாக உணர முடியவில்லை. துடிப்பு நேர்திசைக் கசிவையும் உணரும் ஏ வகை இதற்கு விடையாக வந்தது. சீரான நேர்திசைக் கசிவையும் உணர்வது பி வகை. அதற்குத் தனி மின்னணுச் சுற்று தேவைப்படுவதால் அதன் விலை மற்ற வகைகளைவிடப் பன்மடங்கு மிகுதி.

இந்த வேறுபாடு பல ஆண்டுகள் தொழிற்சாலைப் பொறியாளர்களின் கவலையாக மட்டுமே இருந்தது. சாதாரண வீட்டில் சீரான நேர்திசைக் கசிவை உண்டாக்கும் பெரிய கருவி எதுவும் இல்லை. மின்கார் அந்த நிலையை மாற்றியது.

மின்வாகனத்தின் மறுவருகை

1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஈவி1 கார் வெளிவந்தது. அதன் மின்னேற்றி, தட்டையான துடுப்புப் போன்ற கருவியைக் காரின் துளைக்குள் செருகி, காந்தத் தூண்டல் மூலம் ஆற்றலை அனுப்பியது. கை படக்கூடிய உலோக முனை எதுவும் அதில் இல்லை. அதே ஆண்டில் அமெரிக்க மின்விதித் தொகுப்பில் மின்வாகன மின்னேற்றத்திற்கெனப் பிரிவு 625 சேர்க்கப்பட்டது. உலோக முனைகள் கொண்ட இணைப்பிகளுக்கும் தூண்டல் முறைக்கும் இடையே நடந்த போட்டியில், 2001-இல் கலிபோர்னியக் காற்று வள வாரியம் உலோக முனை முறையைத் தேர்ந்தெடுத்தது.

உலோக முனைகள் வென்றதால், அவற்றை மழையிலும் இருளிலும் கையாளும் மனிதரைக் காக்கும் பொறுப்பு சைகைக் கம்பிக்கு வந்தது. எஸ்ஏஇ ஜே1772 தரத்தில் விவரிக்கப்பட்ட இம்முறையை ஐஇசி 61851 தரமும் ஏற்றது. மின்னேற்றி இக்கம்பியில் முதலில் 12 வோல்ட்டை வைக்கிறது. வாகனம் இணைந்ததும் அதன் உள்ளிருக்கும் மின்தடை இதை 9 வோல்ட்டாகக் குறைக்கிறது. மின்னேற்றத்திற்கு ஆயத்தமானதும் 6 வோல்ட்டாகிறது. அதன் பிறகே மின்னேற்றியின் தொடுவி மூடி, முனைகளுக்கு மின்சாரம் வருகிறது. வாகனம் இணையாத நிலையில் தொங்கும் இணைப்பியில் மின்னழுத்தம் இராது. நொடிக்கு 1000 முறை துடிக்கும் அச்சைகையின் அகலம், எத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்பதை வாகனத்திற்குத் தெரிவிக்கிறது.

சைகை மின்னோட்டம் திரும்பி வருவது புவிக்கம்பி வழியே. எனவே மின்னேற்றிக்கும் காருக்கும் இடையே புவிக்கம்பி அறுந்தால் சைகை நின்று, தொடுவி உடனே திறந்துவிடும். எனினும் இது வடத்திற்குள் உள்ள புவிக்கம்பியை மட்டுமே சோதிக்கிறது. மின்னேற்றிக்கு அப்பால் அக்கம்பி உண்மையிலேயே மண்ணோடு இணைந்திருக்கிறதா என்பதை அது அறியாது.

6 மில்லிஆம்பியர் எல்லை

காரின் உள்ளே இருக்கும் மின்னேற்றி, வீட்டு மாறுதிசை மின்னோட்டத்தை மின்கலத்திற்கு ஏற்ற சில நூறு வோல்ட் நேர்திசை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அப்பகுதியில் காப்புறை பழுதடைந்தால் சீரான நேர்திசை மின்னோட்டம் புவிக்கம்பி வழியே வீட்டுக்குத் திரும்பக்கூடும். அது துண்டிப்பானின் காந்த வளையத்தை ஒரே திசையில் நிரந்தரமாகக் காந்தமாக்கிவிடும். இவ்வாறு செறிவடைந்த வளையம், பின்னர் வரும் மாறுதிசைக் கசிவையும் உணராது. துண்டிப்பான் மூடிய நிலையிலேயே இருக்கும். வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது. சமையலறையில் ஒருவர் பழுதான கருவியைத் தொட்டாலும் அது செயல்படாமல் போகலாம்.

ஏ வகைத் துண்டிப்பான் 6 மில்லிஆம்பியர் வரை சீரான நேர்திசை மின்னோட்டம் கலந்திருந்தாலும் செயல்படும் என்பது அதன் தர உறுதி. இந்த எண்ணே மின்வாகன விதிகளின் எல்லையானது. ஐஇசி 60364 தரத்தின் 722-ஆம் பகுதி, ஒவ்வொரு மின்னேற்றப் புள்ளிக்கும் 30 மில்லிஆம்பியருக்கு மிகாத துண்டிப்பானைக் கோரியது. அது பி வகையாக இருக்கலாம். அல்லது ஏ வகையோடு, 6 மில்லிஆம்பியருக்கு மேற்பட்ட நேர்திசைக் கசிவில் சுற்றை முறிக்கும் கருவியும் இருக்கலாம். அக்கருவிக்கான ஐஇசி 62955 தரம் 2018-இல் வெளியானது. அதன்படி 6 மில்லிஆம்பியர் நேர்திசைக் கசிவை 10 நொடிக்குள்ளும், 60 மில்லிஆம்பியரை 0.3 நொடிக்குள்ளும், 200 மில்லிஆம்பியரை 0.1 நொடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும். சிறிய கசிவுக்கு 10 நொடி தரப்படுவதற்குக் காரணம் உண்டு. அக்கசிவு நேரடியாக உயிரைப் பறிப்பதில்லை. மற்றொரு காவலனின் கண்ணை மறைப்பதே அதன் ஆபத்து.

இன்று விற்கப்படும் சுவர் மின்னேற்றிகள் பலவற்றில் இந்த 6 மில்லிஆம்பியர் உணரி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் அது இருப்பதனால் மட்டும் வீட்டில் ஏற்கனவே உள்ள ஏசி வகைத் துண்டிப்பான் போதுமானதாகிவிடாது. 6 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவான கசிவை உணரி அனுமதிக்கும். அந்த அளவைத் தாங்கும் உறுதி ஏ வகைக்கு உண்டு, ஏசி வகைக்கு இல்லை. இரண்டு மின்னேற்றிகள் ஒரே துண்டிப்பானுக்குக் கீழே இணைக்கப்பட்டால் கசிவுகள் ஒன்றுசேர்ந்து எல்லையைத் தாண்டவும் கூடும். மின்னேற்றிக்கு முதன்மைப் பலகையிலிருந்து தனிச்சுற்றும் தனித் துண்டிப்பானும் அமைக்கும் வழக்கம் இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

பிரித்தானியாவின் அறுந்த நடுநிலைக் கம்பி

பிரித்தானியாவில் வேறொரு சிக்கல் எழுந்தது. அங்குள்ள பல தெருக்களில் நடுநிலைக் கம்பியும் புவிக்கம்பியும் ஒரே கம்பியாக வீட்டு வாசல்வரை வந்து, பின்னரே பிரிகின்றன. தெருவில் அந்தப் பொதுக்கம்பி அறுந்தால், வீட்டுக் கருவிகள் வழியே சென்ற மின்னோட்டம் திரும்ப வழியின்றி, புவிமுனையோடு இணைந்த உலோகங்கள் அனைத்தையும் உயர் மின்னழுத்தத்திற்கு ஏற்றும். வீட்டுக்குள் இருப்பவருக்கு இதனால் ஏற்படும் ஆபத்து குறைவு. குழாய்களும் கருவிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால், அவர் தொடும் எல்லாம் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்.

கார் வெளியே நிற்கிறது. அதன் உடல், வடத்தின் புவிக்கம்பி வழியே வீட்டின் புவிமுனையோடு இணைந்துள்ளது. ரப்பர் சக்கரங்கள் காரை மண்ணிலிருந்து பிரிக்கின்றன. காரைத் தொடும் மனிதர் ஈர மண்ணில் நிற்கிறார். இந்த நிலையில் பாதுகாப்புக்கென இணைத்த புவிக்கம்பியே ஆபத்தைக் காரின் கதவுக்குக் கொண்டுவருகிறது. மின்கசிவுத் துண்டிப்பான் புவிக்கம்பியில் வரும் மின்னோட்டத்தை அளப்பதில்லை. அது செயல்பட்டாலும் புவிக்கம்பியைத் துண்டிப்பதில்லை.

பிரித்தானிய மின்விதியான பிஎஸ் 7671 இதற்கெனத் தனிப்பிரிவை வகுத்தது. 2018-ஆம் ஆண்டின் 18-ஆம் பதிப்பில், வீடுகளுக்கு முன்பு தரப்பட்டிருந்த விலக்கு நீக்கப்பட்டது. தனியாகப் புவிமுனை அடித்தல் ஒரு வழி. ஆனால் குழாய்களும் வடங்களும் புதைந்த நெருக்கமான தெருக்களில் அது எளிதன்று. 2020-இல் வந்த திருத்தம் மற்றொரு வழியையும் ஏற்றது. மின்னழுத்தம் 207 முதல் 253 வோல்ட் என்ற எல்லைக்கு வெளியே சென்றால், 5 நொடிக்குள் புவிக்கம்பி உட்பட எல்லாக் கம்பிகளையும் துண்டிக்கும் கருவி அது. புவிக்கம்பியை ஒருபோதும் துண்டிக்கக் கூடாது என்ற பழைய பாடத்திற்கு இது ஒரு விதிவிலக்கு.

வெப்பமும் நீண்டநேரச் சுமையும்

மின்னதிர்ச்சியைப் போலவே வெப்பமும் வீட்டு மின்னேற்றத்தில் கவனிக்கப்பட வேண்டியது. வீட்டு மின்செருகிகள் பெரும்பாலும் குறுகிய நேரச் சுமைக்குப் பழகியவை. மின்கொதிகலன் சில நிமிடங்களில் அணைந்துவிடும். 16 ஆம்பியரில் ஏறத்தாழ 3.7 கிலோவாட்டும், 32 ஆம்பியரில் ஏறத்தாழ 7.4 கிலோவாட்டும் எடுக்கும் கார், இரவு முழுவதும் அச்சுமையிலேயே இருக்கலாம். தளர்ந்த திருகோ, தேய்ந்த முனையோ இருந்தால் அவ்விடம் சூடேறி, நெகிழி உருகும். மின்னோட்டம் எல்லைக்குள் இருப்பதால் எம்சிபி முறியாது. கம்பிகளுக்கு இடையே சமன் குலையாததால் ஆர்சிசிபியும் முறியாது. அமெரிக்க விதி இதற்காக மின்னேற்றச் சுமையைத் தொடர்சுமையாகக் கருதி, சுற்றின் திறன் அதைவிட 25 விழுக்காடு மிகுதியாக இருக்க வேண்டும் என்கிறது. 32 ஆம்பியர் மின்னேற்றிக்கு 40 ஆம்பியர் சுற்று வேண்டும்.

சாதாரண மின்செருகியில் வடத்தை நேரடியாகச் செருகுவது முறை 1 எனப்படும். வடத்தின் நடுவே பாதுகாப்புப் பெட்டி கொண்டது முறை 2. அப்பெட்டிக்கான ஐஇசி 62752 தரம் 2016-இல் வந்தது. தனிச்சுற்றில் நிலையாக நிறுவப்படும் சுவர் மின்னேற்றி முறை 3. நேர்திசை மின்னோட்டத்தை நேரடியாகத் தரும் வேக மின்னேற்றி முறை 4. முறை 1 அமெரிக்காவில் அனுமதிக்கப்படுவதில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், குறிப்பிட்ட சுமைக்கு மேற்பட்ட வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லிஆம்பியருக்கு மிகாத மின்கசிவுத் துண்டிப்பானைக் கோரின. மின்வாகன மின்னேற்றத்திற்கெனத் தனி விதிகள் 2019 சூன் மாதத் திருத்தத்தில் சேர்ந்தன. ஒவ்வொரு மின்னேற்றப் புள்ளிக்கும் தனிச்சுற்று வேண்டும். துண்டிப்பான் 30 மில்லிஆம்பியருக்கு மிகாமலும், நடுநிலைக் கம்பி உட்பட மின்னோட்டம் பாயும் கம்பிகள் அனைத்தையும் முறிப்பதாகவும், குறைந்தது ஏ வகையின் திறன் கொண்டதாகவும் இருக்க வேண்டும். மின்செருகி தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். நீட்டிப்பு வடம் பயன்படுத்தக் கூடாது. ஐஇசி 61851-ஐத் தழுவிய ஐஎஸ் 17017 தரத்தின் முதற்பகுதி 2018-இல் வெளியானது.

இந்தியச் சூழலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இங்கு வீடுகளில் மின்னேற்றப்படும் வாகனங்களில் பெரும்பான்மை கார்கள் அல்ல, இருசக்கர வாகனங்கள். அவற்றில் பல, கையில் எடுத்துச் செல்லும் மின்னேற்றி மூலம் சாதாரண மின்செருகியிலிருந்தே மின்னேற்றப்படுகின்றன. அத்தகைய வீட்டில் பாதுகாப்பு முழுவதும் அச்செருகியின் நிலை, புவி இணைப்பின் தரம், முதன்மைப் பலகையில் உள்ள ஆர்சிசிபியின் வகை ஆகியவற்றைப் பொறுத்தே அமைகிறது. ஆர்சிசிபியின் வகையை அதன் முகப்பில் அச்சிட்ட குறியால் அறியலாம். ஒற்றை அலைக்கோடு ஏசி வகையைக் குறிக்கும். அலைக்கோட்டின் கீழ் துடிப்புக் கோடும் இருந்தால் அது ஏ வகை. முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் கருவி முறியும் திறன் தெரியவரும். புவி இணைப்பு சரியாக உள்ளதா என்பதை அப்பொத்தான் சோதிப்பதில்லை. அதற்குப் புவித்தடையைத் தனியாக அளக்க வேண்டும்.

கருவிகளும் அவற்றின் எல்லைகளும்

இவ்வரலாற்றில் எந்தக் கருவியும் முந்தியதை முற்றிலும் நீக்கவில்லை. எம்சிபி மிகைச்சுமையைக் காணும், மனித உடலில் பாயும் கசிவைக் காணாது. ஏசி வகைத் துண்டிப்பான் அக்கசிவைக் காணும், நேர்திசைக் கசிவு வந்தால் குருடாகும். 6 மில்லிஆம்பியர் உணரி நேர்திசைக் கசிவைக் காணும், தெருவில் அறுந்த கம்பியைக் காணாது. மின்னழுத்தக் கண்காணிப்புக் கருவி அதைக் காணும், செருகிக்குள் தளர்ந்த திருகைக் காணாது. ஒரு வீட்டு மின்னேற்றியின் பாதுகாப்பு, இவற்றுள் எந்தெந்த ஆபத்து அவ்வீட்டில் நேரக்கூடும் என்று நிறுவுவதற்கு முன்பே ஆராய்வதைச் சார்ந்துள்ளது.